சிஸ்டர் இடுப்புச் சாவி

அவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியர் மேல் கிடையாது, டாக்டர் சீட்டின் மேல் கிடையாது, பெற்றவர்கள் மேல் சுத்தமாகக் கிடையாது. பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மயிலாப்பூர்க் குளத்துக்குச் சில தெருக்கள் தள்ளியிருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் நர்ஸ். எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். நான் அங்கே கணக்கு வாத்தியார். என் ஸ்டாஃப் ரூமுக்கும் அவருடைய சிக் ரூமுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு மட்டுமே உண்டு என்பதால், அவர் பேசியதெல்லாம் எனக்குக் கேட்கும். பேசியதில் பாதிக்கு மேல் திட்டு.

சிக் ரூமில் ஒரு கட்டில், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், ஒரு இரும்பு அலமாரி. அலமாரிக்குள் தினமும் மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்கென்று பெயர் ஒட்டிய டப்பாக்கள். வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, மூச்சிரைப்புக்கு வாயில் வைத்து இழுக்கும் நீல இன்ஹேலர். இன்சுலின் ஃபிரிட்ஜில். அலமாரிச் சாவியும் அறைச் சாவியும் ஒரே வளையத்தில் அவர் இடுப்பில் செருகியிருக்கும். நடந்தால் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் வராந்தாவில் நிற்கிற பிள்ளைகள் வகுப்புக்குள் ஓடிவிடுவார்கள்.

மாத்திரை கொடுத்தால் அத்தோடு விடமாட்டார். "ஆ காட்டு. நாக்கைத் தூக்கு. அந்தப் பக்கம்." பிள்ளைகளிடம் மட்டும் என்றால் சரி. ஒருநாள் எனக்குத் தலைவலி என்று போய் நின்றேன். மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்துத் திரும்பினால், "நாக்கைத் தூக்குங்க சார்" என்றார். "என்ன சிஸ்டர், நான் என்ன குழந்தையா?" என்று எரிந்து விழுந்தேன். "ஹெச்செம்மே தூக்கினாரு. நீங்க தூக்க மாட்டீங்களா?" என்றார். தூக்கினேன். வேறென்ன செய்வது, பெரிய ரோதனை.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். ராயப்பேட்டைக்காரர் அவர். இங்கே வருவதற்கு முன் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வார்டில் வெகுகாலம் இருந்திருக்கிறார். "அங்க யாரைக் கேட்டாலும் போட்டுட்டேன் சிஸ்டர்னுதான் சொல்லுவாங்க சார். காலைல பெட்ஷீட்டு மாத்தினா தலைகாணிக்கு அடியில மாத்திரையா கொட்டும். நான் சொல்றதைக் காதுல வாங்க மாட்டேன் சார். கண்ணால பாக்கணும்."

மருந்தைத் தானே வைத்துக்கொள்ள ஆசைப்படும் பிள்ளை அவரிடம் ஒரு பரீட்சை பாஸாக வேண்டும். இது அரசாங்கம் வைத்த பரீட்சை இல்லை, அவரே வைத்தது. என் கணக்கில் பாதிப் பேராவது தேறுவார்கள். அவருடையதில் ஒரே ஒருத்தியைத் தவிர யாரும் தேறியதாக எனக்குத் தெரியவில்லை.

மருந்தின் பெயர், எதற்கு, எப்போது, எவ்வளவு. இதெல்லாம் எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். அவர் அதைக் கேட்டுத் தலையைக்கூட ஆட்டமாட்டார். பிறகு ஆரம்பிப்பார். மைதானத்தில் ஓடவிட்டு மூச்சு வாங்கும்போது இன்ஹேலரைக் கையில் கொடுப்பார். கை நடுங்குகிறதா, குலுக்க மறக்கிறதா என்று பார்ப்பார். காலி இன்ஹேலரைக் கொடுத்து, மருந்து வருகிறதா வெறும் காற்றா என்று கேட்பார். பரீட்சையில் மார்க் போன அன்று, சிநேகிதியோடு சண்டை போட்டு அழுத அன்று, சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிட்டு, "காலைல மாத்திரை போட்டியா?" என்பார். "சிரிச்சுக்கினு இருக்கற அன்னிக்கு எந்தப் புள்ளையும் மாத்திரை போடும் சார். மூஞ்சி தொங்கிப்போற அன்னிக்குப் போடுதா, அதான் எனக்கு வேணும்."

ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். பையனுக்குச் சர்க்கரை. "எங்காத்துல அவனேதான் ஊசி போட்டுண்டிருக்கான் சிஸ்டர். கிளாஸ்ல ஃபர்ஸ்ட் ரேங்க் வேற. நீங்க என்னமோ கைக்குழந்தையாட்டம் பண்றேளே?"

சிஸ்டர் பையனைப் பார்த்தார். "ஊசி போட்டுட்ட. அப்புறம் பாத்தா டிஃபன் பாக்ஸை வீட்டுலயே மறந்துட்டு வந்துட்ட. இன்னா பண்ணுவ?"

"அம்மாக்கு போன் பண்ணுவேன். கொண்டுவர வரைக்கும் வெயிட் பண்ணுவேன்."

"அதுக்குள்ள மயங்கி விழுந்துடுவ. ஊசி போட்டா உடனே எதையாவது வாயில போடணும், பக்கத்துப் பையன் சாப்பாட்டையாவது புடுங்கித் தின்னணும். ஃபெயில்." அம்மா பக்கம் திரும்பி, "மருந்துக்கு ரேங்க் கார்டெல்லாம் தெரியாது மாமி" என்றார். அந்த அம்மா விடுவிடுவென்று தலைமையாசிரியர் அறைக்குப் போனார். அவர் போனதும், வாடிய முகத்தோடு நின்ற பையன் கையில் மயக்கம் வந்தால் தின்ன என்று சிஸ்டர் நாலு குளுக்கோஸ் பிஸ்கட்டைத் திணித்ததைத் தடுப்பின் இடுக்கு வழியாக நான் பார்த்தேன்.

தலைமையாசிரியர் அவரோடு போட்ட சண்டை வேறு. "சிஸ்டர், ஒரு டூப்ளிகேட் சாவி ஆபீஸ்ல இருக்கட்டும். நாளைக்கு நீங்க லீவு போட்டா?"

"நான் லீவு போட மாட்டேன் சார்."

"போட வேண்டிவந்தா?"

"ஆபீஸ்ல சாவி இருந்தா பியூன் திறப்பான். தலைவலின்னு எவனாவது வந்தா வலிப்பு மாத்திரையைக் குடுப்பான். எனக்கு வேணாம் சார் அந்தப் பழி."

லீவு போட மாட்டேன் என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. மழை வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த நாளிலும் எங்களுக்கு முன்னால் அவர் வந்திருந்தார். தலைமையாசிரியர் கையை விரித்துவிட்டார். டூப்ளிகேட் சாவி வரவில்லை.

இனி ஜெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் சொல்லாமல் முடியாது.

பிளஸ் டூ. கடற்கரைக் குப்பத்திலிருந்து வருகிற பெண். அம்மா கடற்கரைச் சாலையில் மீன் விற்கிறவர். அப்பா இல்லை. ஜெனிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். கணக்கில் கெட்டிக்காரி, வாயும் அதிகம். அவளுடைய இரண்டு இன்ஹேலரும் சிஸ்டர் அலமாரியில் இருந்தன. மூச்சு இழுத்தால் அவள் மாடியிலிருந்து இறங்கி வர வேண்டும். "சிஸ்டர் வளர்ப்புப் பொண்ணு" என்று வகுப்பில் கேலி வேறு. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், பையிலேயே இருக்க வேண்டும் என்று பிளஸ் ஒன்னிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"வூட்ல இழுத்துச்சுனா இன்னா பண்றது சிஸ்டர்?"

"ஆஸ்பத்திரிக்கு நெபுலைசர் வைக்கக் கூட்டிக்கினு போக வூட்ல உங்கம்மா கீறாங்க இல்ல?"

"அம்மாக்கே இழுக்கும் சிஸ்டர். அது மருந்தே வாங்காது. பம்பு அடிச்சா பழக்கமாயிடும்னு சொல்லிக்கினு கெடக்கும்."

இந்தப் பேச்சு தடுப்புக்கு இந்தப் பக்கம் என் காதிலும் விழுந்தது, அவர் காதிலும் விழுந்தது. அன்று அது எங்கள் இருவருக்கும் சாதாரணப் பேச்சு. சிஸ்டர், "உங்கம்மாவ ஒருநாள் கூட்டிக்கினு வா, நான் பேசறேன்" என்று சொன்னார். மீன் கூடையை விட்டுவிட்டு அந்த அம்மாவால் வர முடிந்ததில்லை.

ஜெனி பரீட்சைகளை ஒவ்வொன்றாகத் தாண்டினாள். ஓடினாள், குலுக்கினாள், இழுத்தாள், மூச்சை அடக்கினாள். காலி டப்பாவைக் கையில் வாங்கியதுமே, "போ சிஸ்டர், இது காத்து" என்று திருப்பிக் கொடுத்தாள். கடைசியில் சிஸ்டர் ஒரு தந்திரம் செய்தார். அன்று ஒருநாள் மட்டும் என்று ஒரு இன்ஹேலரை ஜெனியிடம் கொடுத்துவைத்தார். வகுப்பில் அவளுக்கு உயிர்த்தோழி ஒருத்தி. அவளைத் தயார் பண்ணி, மதிய இடைவேளையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னார். "ஜெனி, எனக்கு மூச்சு முட்டுதுடி, உன் பம்பைக் கொஞ்சம் குடுடி." நாங்கள் இருவரும் வராந்தாத் தூணுக்குப் பின்னால். எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், வேடிக்கை பார்க்கப் போனேன்.

ஜெனி கொடுக்கவில்லை. தோழியைக் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். "இது எனக்குக் குடுத்தது, உனக்கு ஒத்துக்குமோ ஒத்துக்காதோ. நடக்காத, பேசாத, இங்கியே குந்து. சிஸ்டர் கிட்ட உனக்கு வேற இருக்கும். நான் போய் இட்டாறேன்." சொல்லிவிட்டு ஓடி வந்தவள் தூணுக்குப் பின்னால் எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

அதெல்லாம் சிஸ்டர் கற்றுக்கொடுத்த வாசகம். மருந்தைக் கடன் கொடுக்காதே. மூச்சு வாங்கும்போது நடக்காதே, உட்கார். என்னிடம் வேறு இருக்கும், நான் வருவேன். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள் அந்தப் பெண்.

"பாஸ்" என்றார் சிஸ்டர். நான் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். அந்த இன்ஹேலரை ஜெனியிடமே விட்டுவிட்டார். இன்னொன்றை அலமாரியில் அவள் டப்பாவிலேயே வைத்தார். "அது உன்னோடது. இது எங்கிட்ட எப்பவும் இருக்கும்." ஜெனி அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். "ஓடாதடி!" என்று சிஸ்டர் கத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "காலேஜுக்கு நான் கூடப் போக முடியுமா சார், என்னைக்கோ ஒருநாள் விடத்தானே வேணும்" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து தை பிறக்க இருந்த சமயம் அது.

போகியன்று சென்னை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். பழைய பாயும் துணியும் எரித்தால் போதும் என்று யாரும் விடுவதில்லை. டயரைக் கொளுத்துவார்கள். எத்தனை நோட்டீஸ் ஒட்டினாலும் கொளுத்துவார்கள். காலையில் மந்தைவெளியிலிருந்து சைக்கிளில் வரும்போது எதிரே வருகிற பஸ் தெரியவில்லை எனக்கு. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. ஆனால் பிளஸ் டூவுக்குக் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைக்கச் சொல்லி நிர்வாகத்தின் உத்தரவு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் எனக்கும் தகவல் வந்தது. சிஸ்டருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஸ்பெஷல் கிளாஸுக்கு நர்ஸ் எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நினைத்திருப்பார்களோ, நினைக்கவே இல்லையோ.

குப்பத்தில் அன்று விடியும்போதே ஜெனியின் அம்மாவுக்கு இழுத்துவிட்டது. பக்கத்தில் யாரோ டயர் கொளுத்தியிருக்கிறார்கள். அந்த அம்மா பேச முடியாமல் சுவரைப் பிடித்து நின்றிருக்கிறார். ஜெனி தன் இன்ஹேலரை எடுத்து அம்மா வாயில் வைத்தாள். பழக்கமாயிடும் என்று சொல்ல அந்த அம்மாவுக்கு அப்போது மூச்சில்லை. கொஞ்சம் அடங்கியது. ஜெனி கிளாஸுக்குக் கிளம்பும்போது அந்த நீல டப்பாவை அம்மா தலைமாட்டிலேயே வைத்தாள்.

"உனுக்கு, புள்ள?" என்று கேட்டிருக்கிறார் அம்மா.

"நீ வச்சிக்கோ. எனக்கு சிஸ்டர் கிட்ட இன்னொண்ணு கீது."

அந்தப் புகையில் நடந்து வந்திருக்கிறாள். வரும்போதே இழுக்க ஆரம்பித்திருக்க வேண்டும். நேரே சிக் ரூமுக்குப் போனாள். பூட்டு. வாட்ச்மேன் பார்த்து, "சிஸ்டர் இல்லியேம்மா" என்றாராம். "வருவாங்கண்ணா. நான் குந்திக்கினு இருக்கேன்" என்றாளாம். அறை வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்தாள். நடக்கவில்லை, பேசவில்லை, மாடி ஏறவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

நான் வந்து பார்க்கும்போது உதடு நீலம் பாய்ந்திருந்தது. "பூட்டை உடைங்கய்யா" என்று கத்தினேன். வாட்ச்மேன் கல்லை எடுத்துக்கொண்டு வந்தார். அறைப் பூட்டு உடைந்தது. இரும்பு அலமாரி உடையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் டப்பாவில் மருந்து இருந்தது, இந்தப் பக்கம் நான் இரும்பை உதைத்துக்கொண்டிருந்தேன். இனி முடியாது என்று அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். தெருவுக்குத் தெரு புகை. வழியிலேயே என் தோளில் அவள் தலை கனத்துவிட்டது. அதற்கு மேல் இதை என்னால் எழுத முடியாது.

தகவல் தெரிந்து சிஸ்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இடுப்பில் சாவி. அவர் வருகிறார் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சாவியைப் பிடுங்கித் தூர எறியத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்தேன். எறியவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஜெனியின் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் அந்த நீல இன்ஹேலர், ஒரு கைக்குட்டையில் சுற்றி. சிக் ரூமில் சிஸ்டர் எதிரே நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

"இத்த நான் எடுத்துக்கினதால தானே சிஸ்டர்? பொண்ணுக்கு இல்லாமப் போச்சே. நான் தின்னுட்டேனே என் புள்ளைய."

சிஸ்டர் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா. இங்க பாரு." அலமாரியைத் திறந்து, பெயர் ஒட்டிய டப்பாவை எடுத்து, உள்ளே இருந்த இன்ஹேலரைக் காட்டினார். "இது அவளோடது. அவ சொன்னது நெசம். உன் பொண்ணு பொய் சொல்லல. எங்கிட்ட இருந்துச்சு. நான்தான் பூட்டிக்கினு போய்ட்டேன். உங்கிட்ட தப்பே இல்லம்மா. கேட்டுக்கோ, உங்கிட்ட தப்பே இல்ல." அந்த அம்மா அழுதார். சிஸ்டர் அழவில்லை. கைக்குட்டையில் இருந்த இன்ஹேலரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். எப்படி இழுப்பது என்று அந்த அம்மாவுக்கு அன்றே சொல்லிக்கொடுத்தார். ஆ காட்டச் சொல்லவில்லை.

அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. கடைசி நாள் சாவி வளையத்தைக் கழற்றி என் மேஜையில் வைத்தார். "டூப்ளிகேட் போட்டுக்கச் சொல்லுங்க சார்."

"நீங்க எல்லாத்தையும் கேட்டுத்தானே பாஸ் போட்டீங்க சிஸ்டர்?" என்றேன். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்றுதான்.

"சிநேகிதி கேட்டா அவ இன்னா பண்ணுவான்னு பாத்தேன். அம்மா கேட்டா இன்னா பண்ணுவான்னு பாக்கல சார்." வளையத்தை என் பக்கம் தள்ளினார். "கேட்டிருந்தா மட்டும்? குடுப்பேன் சிஸ்டர்னுதான் சொல்லியிருப்பா. அதுக்கு நான் ஃபெயில் போட்டிருக்கணும். எப்படி சார் போடுவேன்?"

 எத்தனையோ கணக்குக்கு விடை எழுதியிருக்கிறேன், இதைப் போட்டுப் போட்டுப் பார்த்துக் கைவிட்டுவிட்டேன்.

அதன்பிறகு அவரைப் பல வருஷம் பார்க்கவில்லை. இந்தப் பொங்கலுக்கு முன்னால் தி. நகரில், மாம்பலம் ஸ்டேஷன் படியிலிருந்து ரங்கநாதன் தெருவுக்கு இறங்கும் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர். தலை முழுக்க வெள்ளை. மருமகளுக்குப் புடவை எடுக்க வந்தாராம். ஓரமாக ஒதுங்கி நின்றோம். வேர்த்துக் கொட்டியது. தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பையைத் திறந்தார். பர்ஸ், மூக்குக் கண்ணாடி, அதன் பக்கத்தில் ஒரு நீல இன்ஹேலர். அட்டைகூடப் பிரிக்காத புதுசு.

"உங்களுக்கும் வீசிங் வந்துடுச்சா சிஸ்டர்?"

"சேச்சே. எனக்கு ஒண்ணும் இல்ல சார்."

"அப்போ வீட்டுல யாருக்காவது?"

"யாருக்கும் இல்ல." தண்ணீரைக் குடித்து மூடியைத் திருகினார். இன்ஹேலரை எடுத்து, கண்ணாடி போடாமலே அட்டையைத் தூரப் பிடித்து அதன் தேதியைப் பார்த்தார். "தேதி முடிஞ்சா வேற வாங்கி வச்சிடுவேன். வெளிய கிளம்பினா இது இல்லாம கிளம்பறதில்ல."

இன்ஹேலரைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அவரே சொன்னார்.

"எங்கிட்ட இன்னொண்ணு இருக்குன்னு அவங்கம்மா கிட்ட சொல்லிட்டு வந்தாளே சார். இருக்கணும் இல்ல?"